பறவையைக் கிளப்பிப் பார்க்க வந்தவர்கள்

வாவியில் வலை வீசிப் பிழைத்த கனகசூரியம், மீன் குறைந்த பிறகு மண்டூர்த் துறையிலிருந்து தோணியில் ஆட்களையும் ஏற்றத் தொடங்கினார். யார் என்னத்துக்குப் பயணம் வந்திருக்கிறார்கள் என்பது தோணியில் குந்தும் விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். முருகனைக் கும்பிட வந்த சனம் தோணியிலும் அடங்கி ஒடுங்கி இருக்கும். களைப்பாற வந்தவர்கள் வாவிக் காற்றில் கண் அயர்ந்து போவார்கள். ஊருக்குப் போய்ப் படம் காட்டவென்றே வருகிறவர்களைத்தான் அவருக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தையே படம் பிடிக்கிற கூட்டம் அது.

கொழும்பிலிருந்து வந்த துசாந்தனும் மனைவி சர்மிலாவும் அந்த ரகம். பறவைத் தீவுக்குப் போக வேண்டும் என்றார்கள். அங்கே தண்ணீரில் வேரூன்றி நிற்கும் கண்ணா மரங்கள் நிறையக் கூடுகள்; அது குஞ்சு பொரிக்கும் காலம். குஞ்சுக் காலத்தில் அந்தப் பக்கம் யாரும் வலை கட்டுவதில்லை, தண்ணீரில் அடித்து மீன் கலைப்பதுமில்லை. மீன்பிடிகாரர் தங்களுக்குள் வைத்திருக்கும் கட்டுப்பாடு அது. கனகசூரியமும் எஞ்சினை நிறுத்திக் கம்பூன்றித்தான் போனார்.

“பறக்கிற மாதிரி எடுக்கோணும், அங்கிள்” என்ற துசாந்தன், தண்ணீர் இறைக்கும் வாளியை எடுத்துத் தோணியில் படபடவென்று அடித்தான்.

“டேய், அடிக்காத!”

அவர் கத்துவதற்குள் கொக்கும் நாரையும் கிளம்பிவிட்டன. காவலில்லாத கூடுகளில் காகங்கள் பாய்ந்தன. இறகு முளைக்காத குஞ்சொன்று தண்ணீரில் விழுந்து துடித்தது. அவர் கை நீட்டுமுன் தண்ணீருக்கடியில் தாண்டுபோனது.

“ஐயோ, பாவம்” என்றாள் சர்மிலா. அடுத்த மூச்சிலேயே, “இன்னொருக்கா அடியுங்க, எனக்குப் படம் வடிவா விழயில்ல” என்றாள்.

இவர்களோடு ஒரே தோணியில் இருப்பதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. துறைக்குத் திரும்பாமல், தொடைவரை சேறு புதையும் கரையொன்றில் தோணியை ஒதுக்கினார்.

“இறங்குங்க. இனி நடந்து போங்க.”

விழுந்தெழும்பிப் போனாலாவது புத்தி வரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களோ சேற்றில் புரண்டு சிரித்து, அதையும் படம் பிடித்தார்கள்.

அடுத்த கிழமை, அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு வான் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள்.

“சேத்தில இறக்கிவிடுற ஆள் நீங்கதானே? பறவையும் கிளப்பிக் காட்டுவீங்களாம்.”

“ஆர் சொன்ன? குஞ்செல்லாம் கூட்டில கிடக்கு. மாசி கழிய வாங்க.”

“அப்ப நாங்க வந்து என்னத்தைப் பாக்கிறது?” என்று முகம் சுளித்தவர்கள், பக்கத்துத் தோணிக்கார உதயரூபனிடம் போனார்கள்.

“நீயும் வலைக்காரன்தானடா, போகாத!” என்று கனகசூரியம் கத்தினார்.

“நான் போகாட்டி வேற ஒருத்தன் போவான் அண்ணே” என்றபடி உதயரூபன் எஞ்சினை இழுத்தான்.

கொஞ்ச நேரத்தில் தீவுக்கு மேலே பறவைகள் கூட்டமாக எழும்பின. தோணியில் இடம் கிடைக்காமல் கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.