குட்டி யானையின் வாலில் ஒரு சிவப்புத் துணி

தகர ஷீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆற்றைக் கடந்திருக்கிறீர்களா? நான் கடந்தேன். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்... அரியாங்குப்பமே பார்க்க!

ஊர்ப் பெயர் சட்டப்படி 'புதுச்சேரி' என்று ஆன பிறகு வந்த மூன்றாவது தீபாவளி இது. இப்படிக் கணக்கு வைப்பது என் பழக்கம். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கத்தால்தான் வம்பே வந்தது.

எங்கள் தெருவில் ஜோதி தையற்கடை வைத்திருக்கிறாள். ஒற்றை அறை, மேலே கீற்றுக் கூரை. தீபாவளி நெருங்கினால் அலமாரி, பெஞ்சு, தரை எல்லா இடத்திலும் ஊராரின் துணி. தைத்தது பாதி, வெட்டி வைத்தது மீதி. இந்த வருஷம் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஒரு பட்டு ஜாக்கெட்டில் சாயம் இறங்கினால் போதும் — அடுத்த தீபாவளிக்குத் தெருவே வேறு டெய்லரிடம் போய்விடும்.

கீற்றைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட முடிவு செய்தாள். வேலை பார்க்கும் ஆசாரிக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு. நல்ல நேரம் பார்க்க என்னிடம் வந்தாள்.

"பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் கை வைத்துவிடுங்கள்" என்றேன், பெரிய மனுஷன் போல.

கை வைத்தார்கள். பத்தரைக்கெல்லாம் கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் வானம்.

"ஷீட் எங்கேம்மா?"

"இனிமேதாண்ணா வாங்கணும்."

"சரி, கிளம்பு."

"ராகு காலத்துல போயி இரும்பு வாங்குறதாண்ணா? நீங்கதானே சொன்னீங்க?"

பன்னிரண்டு மணிவரை நானும் ஜோதியும் ஆசாரியும் கூரையில்லாக் கடைக்குள் உட்கார்ந்திருந்தோம். கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. துணிகள் மேல் ஒரே ஒரு தார்ப்பாய். அதிலும் ஓட்டை.

பன்னிரண்டு அடித்ததும் செல்வத்தின் குட்டி யானை புறப்பட்டது. அந்தச் சின்ன லோடு வண்டிக்கு ஊர் வைத்த செல்லப் பெயர்! கையில் அளவு டேப் இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். ஜோதி ஒரு மஞ்சள் பையோடு நடுவில். டவுனில் லைனிங்கும் நூலும் கலர் பார்த்து வாங்க வேண்டுமாம்.

அதையெல்லாம் முடித்துக்கொண்டு உழவர்கரையில் உள்ள ஷீட் கடைக்குப் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நம் ஊர்க் கடைகள் மதியம் தூங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

"நாலு மணிக்கு வாங்க" என்றார் கடைக்காரர்.

"நாலு மணிக்கு மழயே வந்து எல்லாத் துணியயும் அலசி வச்சிடும்ணே" என்றாள் ஜோதி. "ஆமா, உங்க வூட்டுல அண்ணி ஜாக்கெட்டு எங்க தைக்கக் குடுத்திருக்காங்க?"

"ஏம்மா?"

"இல்ல... அந்த டெய்லர் கடைக்காவது கூர இருக்குதான்னு கேட்டேன்."

ஷட்டர் மேலே போனது.

ஷீட் பன்னிரண்டு அடி. வண்டியின் தொட்டி ஏழடி — நானே டேப் வைத்து அளந்தேன். இது எப்படி ஏறும்?

"தல கேபின் மேல, வாலு வெளிய. அவ்ளோதான் சார்" என்றான் செல்வம். கயிறு போட்டு இழுத்துக் கட்டினான். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வழியில் ஒரு சந்திப்பில் போலீஸ்காரர் கை காட்டினார். நம் ஊர் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பி. பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தொப்பி மட்டும் தலையை விட்டு இறங்கவில்லை.

"இவ்ளோ நீளம் வெளிய நீட்டிக்கினு போறியே, பின்னால வர்றவன் பாத்துத் தள்ளி வர்றதுக்கு வாலுல செவப்புத் துணி எங்க?"

"இருந்துச்சு சார். காலைல கண்ணாடி தொடச்சேன்..." செல்வம் சுற்றுமுற்றும் தேடினான். "சார், இந்த எடத்துலயே செவப்பா இருக்கிறது உங்க தொப்பி ஒண்ணுதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "துணி கட்டாம வண்டி நகராது."

என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. ஜோதி வானத்தைப் பார்த்தாள். மஞ்சள் பையைத் திறந்தாள். லைனிங்குக்குக் கலர் பார்க்க எடுத்து வந்திருந்த ஜாக்கெட் துணி ஒன்றை உருவினாள். ரத்தச் சிவப்பு!

"யாருதும்மா அது?"

"நர்சு விஜயாக்காவுது. இன்னும் வெட்டல, முழுத் துணியாத்தான் இருக்கு. அவங்க இந்நேரம் ஆஸ்பத்திரியில டூட்டில இருப்பாங்க... கட்டு செல்வம்."

கட்டினான். வண்டி நகர்ந்தது.

முருங்கப்பாக்கம் தாண்டும்போது காற்று பிடித்துக்கொண்டது. கேபின் மேல் நீட்டியிருந்த ஷீட்டின் நுனி தடார் தடார் என்று எழுந்து அடித்தது. செல்வம் ஒரு பஸ் ஸ்டாப் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டான்.

"பாலத்து மேல இந்தக் காத்துக்குத் தாங்காதுக்கா. அப்படியே பறந்து ஆத்துல எறங்கிடும். மேல வெயிட்டு வேணும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணா... தப்பா நெனச்சிக்காதீங்க..."

இத்தனை வருஷம் எழுதியும் கிடைக்காத மதிப்பு, என் உடம்புக்கு ஒரே நிமிஷத்தில் கிடைத்தது. ஏறி உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பக்கம் அடங்கியது. மறு பக்கம் தூக்கியது.

அப்போதுதான் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு குரல்.

"ஏ ஜோதி! இது இன்னாது? என் ஜாக்கெட்டு துணிதானே இது?"

டூட்டி முடிந்து குடையும் பையுமாக நிற்கிறார் — நர்ஸ் விஜயா! மற்ற நாளெல்லாம் நேரம் கழித்து வருகிறவரை அன்றைக்கு யார் சீக்கிரம் விடச் சொன்னது?

ஜோதி மழுப்பவில்லை. இறங்கிப் போய் நேராகச் சொன்னாள். "உங்குதுதாங்க்கா. போலீஸ்காரரு நிறுத்திட்டாரு, வேற வழியில்ல. கடைக்குக் கூர இல்லக்கா, காலைலயே பிரிச்சாச்சு. இந்த ஷீட்டு மழைக்கு முன்னாடி போயிச் சேரலன்னா ஊருத் துணி மொத்தமும் போயிடும்."

விஜயா துணியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மேலே உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார்.

"என் மருமவ சுடிதாரும் அங்கதான் கெடக்குதா?"

"அதுந்தாங்க்கா."

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க சார்!"

ஏறிவிட்டார். ஏறியதும் பஸ் ஸ்டாப்பே அவருடைய வார்டு ஆகிவிட்டது.

"அரியாங்குப்பம் போறவங்கல்லாம் வாங்க! இன்னா பாக்குறீங்க? பஸ்சு வந்தா மட்டும் ஒக்கார எடம் கெடைக்குமா?"

வெள்ளையடிக்கும் வேலை முடித்துத் திரும்பும் இரண்டு பேர் ஏறினார்கள். காலிக் கூடையோடு மீன் விற்கும் அம்மா ஒருவர் ஏறினார். "யம்மா, கூடைய அந்தத் துணிப்பக்கம் கொண்டாராதே!" என்று விஜயா அலறினார்.

"ஏன், மீன் வாசனைக்குத் தீவாளி வராதா?" என்றார் அந்த அம்மா, சாவகாசமாகக் கால் நீட்டிக்கொண்டு.

சட்டப்படி தப்பு. ஆபத்தும்கூட. தெரியும். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள்.

செல்வம் நடை வேகத்தில்தான் ஓட்டினான். பாலத்தின் மேல் காற்று, கடல் பக்கமிருந்து மோதியது. எங்களுக்குக் கீழே ஷீட்டுகள் மூச்சு இழுப்பதுபோல் உப்பி உப்பி அடங்கின. ஆளுக்கொரு ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தோம். ஜோதி கேபினுக்குள்ளிருந்து கையை நீட்டிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு முடிந்து தரை வந்ததும் வெள்ளையடிப்பவர்களில் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "எறங்கலாமா, இல்ல இன்னும் வெயிட்டு வேணுமா?"

யாரும் அவரவர் ஸ்டாப்பில் இறங்கவில்லை. கடை வரைக்கும் வந்தார்கள். இறங்கினவர்கள் ஆளுக்கொரு முனை பிடித்து ஷீட்டை இறக்கினார்கள். ஆசாரி மேலிருந்து வாங்கினார். கடைசி ஷீட்டுக்கு ஆணி அடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நனைந்தது ஆசாரியும், ஓரமாகக் கிடந்த ஒரு பாவாடை நாடாவும்தான். அத்தனை பேரும் புதுக் கூரைக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றோம். தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஜோதி அதற்குள் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டியை அளந்தேன், நேரத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி. ஷீட் பறக்காமல் வந்து சேர்ந்தது, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களால். நம் திட்டங்களில் இவர்களுக்கு நாம் ஏன் இடமே விடுவதில்லை?

தீபாவளியன்று காலை விஜயா, கணவரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அதே சிவப்பில் புது ஜாக்கெட். என் கையில் அதிரசத் தட்டைக் கொடுத்துவிட்டுத் தோளைத் திருப்பிக் காட்டினார்.

"கட்டின எடத்துல சுருக்கம் தெரியுதா சார்?"

"துளிகூட இல்லை."

மறுபடி ஸ்கூட்டரில் ஏறிப் போனார். நான் தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த மினி பஸ் கொஞ்சம் தள்ளியேதான் போனது... சத்தியமாக!