பேர் கேட்காத வாய்க்கால்

அக்கம்மாளுக்குக் கோபம் வந்தால் குரல் எழும்பாது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்ப்பாள். கூடலூரில் வாழ்ந்தபோது, அடிக்கிற புருசனை விட்டு விலக வழியுண்டா என்று பிரவுசிங் சென்டரில் தேடிப் பார்த்தாள். அவள் எழுந்துபோனதும், பார்த்ததையெல்லாம் கடைக்காரன் தோண்டியெடுத்துப் புருசனிடமே சொல்லிவிட்டான். அன்றைய அடியில் இடது காது கேட்காமல் போனது.

கம்பத்தில் அண்ணன் சண்முகராஜ் வீட்டுக்கு வந்து, தைத்த காசில் பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். இணையத்தில் யார் எதைத் தேடுகிறார்கள் என்று தெரியாமல் மறைக்கும் வலையமைப்பு ஒன்றில் வீட்டு பிராட்பேண்டையும் சேர்த்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்களின் செய்தி அதில் மூன்று இடம் கைமாறிப் போகும். கடைசி இடமாக இருந்தால் உங்கள் இணைய முகவரிதான் வெளியே தெரியும், வீட்டில் வேண்டாம் என்று அதை நடத்துகிறவர்கள் எச்சரித்திருந்தார்கள். கடைக்காரன் மேலிருந்த ஆத்திரத்தில் அவள் கடைசி இடமாகவே நின்றாள்.

ஒருநாள் ஏட்டு வந்தார். யாரோ ஒரு வியாபாரிக்குப் போன மிரட்டல் மெயிலில் இந்த வீட்டு இணைய முகவரி இருந்ததாம்.

"கம்ப்யூட்டர யாரு ஓட்டுறது?"

"நான்தான்" என்றாள்.

ஏட்டு சிரித்தார். "ஏத்தா, இதென்ன ஜாக்கெட்டு தைக்கிற மிசினா? ஆம்பளைகளக் கூப்புடு."

சண்முகராஜைக் கொண்டுபோய் சாயங்காலம்வரை ஸ்டேசனில் உட்காரவைத்து அனுப்பினார்கள். வந்த வேகத்தில் வயரைப் பிடுங்கினான்.

"ஊர்பேரு தெரியாத களவாணிகளுக்கு நம்ம வீட்டுல வழி விடுறியா?"

"மேல வயக்காரன் பலவேசம் வாய்க்கால மறிச்சப்ப மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுனியேண்ணே. கீழ வயக்காரன் யோக்கியனான்னு கேட்டா நம்ம ஊருல தண்ணி விடுறாக?"

"அது தண்ணி. இது வம்பு."

"என்னையக் காட்டிக்குடுத்து எங் காதப் பறிச்சவன் கடை இன்னும் தொறந்துதான கெடக்கு? அங்கன போயி ஒரு வார்த்த கேட்டியா? இங்கன வந்து வயரப் புடுங்குற!"

அக்கம்மாள் அண்ணன் கையிலிருந்த வயரை வாங்கி மாட்டினாள்.

"ஒன்னைய ஸ்டேசன்ல உக்காரவச்சது எந் தப்பு. இனிமே கடைசியில நிக்க மாட்டேன், நடுவுல நிப்பேன். போலீஸ்காரக நம்ம வாசலுக்கு வர மாட்டாக. ஆனா அடைக்க மட்டும் மாட்டேன்."

மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் மறுபடி வாயைத் திறந்தான். அக்கம்மாள் இடது காதை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு தையல் மிசினை மிதித்தாள்.