தலையைக் கலைத்துக்கொண்டவர்

குடியை விடுவதற்கு வழி தேடி அலைந்த காலத்தில், பொன்னேரியில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு கூட்டம் நடப்பதாகத் தெரிந்து போனேன். குடித்துக் கெட்டவர்களே கூடி, குடிக்காமல் இருப்பதைப் பற்றிப் பேசும் கூட்டம். அங்கேதான் அந்த மீனவரைப் பார்த்தேன். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து பஸ் ஏறி வருவார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. வலைக்கயிறு அறுத்துத் தழும்பேறிய கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் தலையைக் கலைத்துக்கொள்வார். பொத்தான் இரண்டைக் கழற்றிவிடுவார். ஒருநாள், "இன்னாண்ணே இது?" என்று கேட்டுவிட்டேன்.

"குடிக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்துகீறேன் நைனா. சனிக்கிழமன்னா படகுல போற எல்லாரும் ஒண்ணா குந்தி ஊத்திக்கணும். மாட்டேன்னா அடுத்த வலைக்குச் சேத்துக்க மாட்டானுங்க. பொன்னேரில ஊத்திக்கிறேன்னு தப்பிச்சு வர்றேன். பஸ்ஸ வுட்டு எறங்குனா, கொஞ்சம் தள்ளாடிக்கினே போவேன்."

குடிக்காததை ஒளிக்க வேண்டிய ஊரா என்று எனக்குக் கோபம் வந்தது.

"வீட்ல?"

"பொண்டாட்டியும் குடிகாரன்னுதான் திட்டுது. ரெண்டு தபா வுட்டுட்டேன்னு சத்தியம் பண்ணி ஏமாத்திட்டேன். இந்தத் தபா சொல்ல வாய் வரல."

சில வாரங்களில் அவர் வருவது நின்றுபோனது. அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை என்பதால் விசாரிக்கவும் வழியில்லை. இன்றும் அந்தப் பக்கம் போகும்போது, பஸ்ஸிலிருந்து யாராவது தள்ளாடி இறங்கினால் நின்றுவிடுகிறேன். இது நடிப்பாகவே இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.