பித்தளைப் பொத்தானில் சந்தனம்

விஜயதசமி காலையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. மகன் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, நீ ஏதாவது பண்ணினியா?" என்றான். "நான் ஒண்ணும் பண்ணலடா" என்று வாய் முந்திக்கொண்டது. முந்தின நாள் பெட்டிமேல் நான் வைத்த சந்தனம் இன்னும் மணத்துக்கொண்டிருந்தது. இதே வாசனைக்கு நடுவில், இதே விஜயதசமியில், இதே பதிலை முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் தி. நகர் கம்பெனி ஒன்றில், கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. இப்போது மேஜைக்கு அடியில் காலில் இடிபடுகிற சாமான், அப்போது நாலு பீரோக்களாக அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஏ.சி. அதற்காகத்தான், அதன் தயவில் எங்களுக்கும் குளிரும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மயிலாப்பூரில் பஸ் ஏறும்போதே எனக்குக் கோயிலுக்குப் போகிற நினைப்புதான், போங்கள்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு முதல்நாள் சாயங்காலம் ஆபீஸில் பூஜை. டைப்ரைட்டர், ஸ்டேப்ளர், பியூனின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கம்ப்யூட்டருக்கு மட்டும் கிடையாது. மேனேஜர் ராகவன் சார் நெற்றி நிறைய நாமம் போடுகிறவர். மெஷின் நெற்றிக்கு மட்டும் தடை. "வாடகை மெஷின்மா. கறை பட்டா யார் பதில் சொல்றது? பூஜையெல்லாம் உங்காத்தோட வெச்சுக்கோ."

சோறு போடுகிற மெஷினை மட்டும் விட்டுவிடலாமா, நீங்களே சொல்லுங்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் பொரி வாங்கப் போன நேரத்தில் பீரோக் கதவைத் திறந்தேன். உள்ளே வைத்தால் கறை யாருக்குத் தெரியப்போகிறது? கதவுச் சட்டத்தில் சின்னதாக ஒரு பித்தளைப் பொத்தான் பளபளத்தது. தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, போய்ப் பொரி சாப்பிட்டேன்.

அந்தப் பொத்தான் கதவுத் தகட்டைத் தொட்டால்தான் கரன்ட் பாயும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

விஜயதசமி காலையில் ராகவன் சார் சுவிட்சைப் போட்டார். ஒரு விளக்குகூட எரியவில்லை. கம்பெனி எலெக்ட்ரீஷியன் கன்னியப்பன் வந்தார். சுவர் பிளக்கைப் பார்த்தார், ஃபியூஸைக் கழற்றி மாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. "பம்பாய்லேர்ந்து இன்ஜினியர் வந்தா ரிப்போர்ட் எழுதுவான். யார் தொட்டது இதை?" என்று ராகவன் சார் எங்களைப் பார்த்தார். அப்பாவுக்கு வேலை போய் ஆறு மாதம். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றேன்.

கன்னியப்பன் மண்டிபோட்டுக் கதவைத் திறந்தார். அவர் கை நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காய்ந்து ஓடாகிப் போயிருந்ததை நகத்தால் சுரண்டி, காக்கி நிஜாரில் துடைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, "இப்ப போடு சார்" என்றார். விளக்கு வந்தது.

"என்னய்யா ஆச்சு?"

"வயரு லூஸா கீது சார். முந்தாநாள் நான்தான் சரியா முறுக்கல."

அவருக்கு மெமோ கொடுத்தார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது தணிந்த குரலில், "இன்னாம்மா நீ, பொட்டு வைக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்றார்.

நிரந்தரமானதும் ராகவன் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். நிரந்தரமான வாரம் அவரைக் கிண்டி கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். மெமோ வாங்கின ஆளை மெஷின் பக்கம் விடக்கூடாதாம். சிந்தாதிரிப்பேட்டையில் பாலத்துக்குப் பக்கத்தில் அவர் வீடு. ஒரு பஸ் ஏறினால் போயிருக்கலாம். வெட்கமாக இருந்தது, போகவில்லை.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை நாலு மாடிக்கு நிற்கிறது. பல வருஷம் கழித்துப் பாலத்துப் பக்கம் ஒரு தடவை தேடிப் போனேன். அந்த வரிசை வீடுகளே இல்லை.

இங்கே மகன் பெட்டியைத் திருப்பினான். பின்பக்கத்துச் சின்ன சுவிட்ச் அணைந்திருந்தது.

"நேத்து தொடைக்கும்போது நான்தான்டா அணைச்சிருக்கேன்" என்றேன்.

"சரி விடும்மா, அதனால என்ன" என்று சொல்லிவிட்டு அவன் வேலையைப் பார்க்க உட்கார்ந்தான்.

இவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கன்னியப்பனுக்காக 'நான்தான்' என்று சொல்ல இந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைக்காமலே போய்விட்டது.