தம்பியின் கையும் என் கடை நூலும்

என் தம்பியைப் பஸ் டிப்போவில் எல்லோரும் ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரமாகப் போகிறவர்கள் அவன் ஓட்டுகிற பஸ்ஸில் ஏறிவிட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவன் எதையும் காதில் வாங்கமாட்டான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவன், விடுமுறை வந்தால் வில்லைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவான். இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். அதைத் துடைக்கிற அக்கறையில் பாதியைத் தன் சட்டைக்குக் காட்டியிருந்தால், தையல் கடை வைத்திருக்கிற எனக்கு மானம் மிஞ்சியிருக்கும்.

அன்றைக்குப் போன சுருக்கிலேயே திரும்பி வந்தான். வில்லை என் துணி வெட்டும் மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். என்னவென்று கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே, போட்டேன் ஒரு சத்தம். அப்புறம்தான் வாயைத் திறந்தான்.

“அக்கா, நான் இனிமே பஸ் ஓட்டல. ஆபீஸ்ல ஏதாவது வேலை குடுங்கன்னு நாளைக்குக் கேக்கப் போறேன். அத்தனை ஜனத்த ஏத்திக்கிட்டு, இந்தக் கைய நம்பி எப்படி ஓட்டுறது?”

நாணை இழுக்கும்போது அம்பு கழன்று கழன்று விழுகிறதாம். விழாத அம்பும் கண்ட இடத்துக்குப் போகிறதாம். போன வாரமும் இதே கதைதானாம். கை நடுங்காமல் இப்படி ஆகாது என்று அவனே முடிவு கட்டிவிட்டான்.

எங்கள் அப்பாவுக்கு இதே வயதில்தான் கை நடுங்க ஆரம்பித்தது. டீ தம்ளர் தட்டில் தாளம் போடும். கடைசியில் சாப்பாட்டை நாங்கள்தான் ஊட்டிவிட்டோம். அதை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். அவர் வாயால் வேறு அதைக் கேட்கணுமா என்றான்.

பயம் வந்தால் எனக்குத் திட்டுத்தான் வரும். இந்தப் பாழாய்ப்போன வில்லால் வந்த வினை என்று கத்திக்கொண்டே அதை மேசையிலிருந்து இறக்கப் போனேன். நாணின் நடுவில், அம்பின் வால் மாட்டுகிற இடத்தில், கறுப்பு நூல் சுற்றியிருந்தது. விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது.

“இது என் கடை நூலாச்சேடா?”

போன வாரம் பழைய சுற்று பிய்ந்துபோனதால் என் பெட்டியிலிருந்து எடுத்துப் புதிதாகச் சுற்றினானாம். வில் கடைக்காரர் கொடுத்திருந்த நூல் தடிமனாம். இது மெல்லிசாக, அழகாக உட்கார்ந்ததாம். அழகாம், பெரிய அழகு.

அம்பை மாட்டினால் தானாக நிற்கணுமா என்று கேட்டேன். தொங்கவிட்டாலும் விழக்கூடாது, நாணை விரலால் தட்டினால்தான் விழணும் என்றான். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வில்லைக் கிடத்தினோம். நாணில் அம்பை முனை கீழே தொங்கும்படி மாட்டிவிட்டுக் கையை எடுத்தான். மெல்லிசு நூலில் அதன் வால் பிடிக்காமல் சொத்தென்று விழுந்தது. இன்னொன்றை மாட்டினான், அதுவும் விழுந்தது. யார் கையும் அதன்மேல் இல்லை.

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அவனைத் திட்டிக்கொண்டே என் நூலைப் பிரித்துப் போட்டேன். அவன் வில் பையிலிருந்து அந்தத் தடித்த நூலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். இடைவெளி விடாமல், இறுக்கமாக, ஒரே சீராகச் சுற்றினான். வருஷக்கணக்காக நூலோடு மாரடிக்கிற எனக்கே அப்படி வராது. நடுங்குகிற கை செய்கிற காரியமா அது?

இப்போது அம்பு டக்கென்று மாட்டியது. தொங்கவிட்டால் நின்றது. நாணைத் தட்டினான், விழுந்தது. திரும்ப மாட்டினான், திரும்பத் தட்டினான். போதும்டா என்று நான் சொல்கிறவரைக்கும் அதையே செய்துகொண்டிருந்தான்.

ஆபீஸ் வேலை கேட்கப் போகிறாயா என்றேன். போக்கா என்று சிரித்தான்.

பிரித்த நூலை வெட்டிக் குப்பையில் போடலாம் என்று கத்தரியை எடுத்தேன். கத்தரி கைக்கு அடங்கவே இல்லை.

“அக்கா, உன் கை நடுங்குது.”

“நடுங்காம என்னடா செய்யும்? இவ்வளவு நேரம் அப்பாவையே நெனச்சுக்கிட்டு நின்னேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தம்பி கத்தரியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு என் கையைத் தன் கைக்குள் பிடித்துக்கொண்டான். அவன் கை கொஞ்சம்கூட ஆடவில்லை.