தலைகீழ் மழை ஊரைக் கட்டிய பர்வீன்

பர்வீன் போன மாதம் இறந்துவிட்டார். மூளையில் கட்டி, கண்டுபிடித்துப் பதினோரு வாரம்தான். செய்தி வந்தபோது நான் மேட்டுப்பாளையம் மண்டியில், உருளைக்கிழங்கு ஏலத்தில் நின்றிருந்தேன். உக்கடத்தில் அடக்கம் முடிந்து திரும்பும்போது அவர் கணவர் அக்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாவல் முடியாம நிக்குதுங்ணா. வீணாப் போக உட்றாதீங்க." அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றே வேலை.

அவரை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரவணம்பட்டியில் மென்பொருள்களைச் சோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், மாயக்கதையும் அறிவியல் புனைவும் எழுதும் எங்கள் எட்டுப் பேரையும் கூட்டி உட்காரவைப்பார். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். கதையிலும் எங்கே உடையும் என்றுதான் முதலில் பார்ப்பார்.

ஒருமுறை, ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஒரு டிராகன் தொடரைப் போட்டுக் காட்டினார். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கையில் நிறுத்திவிட்டார். "அது பறக்கறது இருக்கட்டுங்க. அது தின்ன ஆட்டை ஆரு மேச்சாங்க? அந்த ஆளு ராஜா மேல என்ன கோவத்துல இருப்பான்?" விண்கலப் படம் என்றால், குப்பையை எங்கே கொட்டுகிறார்கள் என்பார். அதிசயம் ஒன்று போதும், அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்று காட்டினால்தான் வாசகன் நம்புவான் என்பது அவர் கட்சி. வியாபாரியான எனக்கு இது உடனே பிடிபட்டது. அதாவது, பிடிபட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நான் அன்னூர்ப் பக்கம் மாட்டுத் தரகில் தொடங்கியவன். என் நாவலின் கற்பனை நாட்டு மக்களுக்குக் கைக்கு மூன்றே விரல் வைத்திருந்தேன், சும்மா ஒரு அழகுக்கு. கதையில் சந்தை வந்ததும் பழக்கதோஷம், மாட்டுத் தரகர்கள் போலவே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசவைத்துவிட்டேன். நான்கு விரல் பிடித்தால் நானூறு. நான் வாசித்து முடித்ததும் பர்வீன் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்ணா, மூணு விரல்காரன்கிட்ட நாலாவது விரலை எங்கீங்க புடிச்சீங்க?"

கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. ஐந்து விரலாக்கிவிடுகிறேன் என்றேன். விடவில்லை. "ஒண்ணை மாத்திப்போட்டீங்கல்ல, அது போற வரைக்கும் பின்னாலயே போங்க." போனேன். அந்நாட்டில் எண்ணிக்கை மும்மூன்றாயிற்று. சந்தை மூன்று நாளைக்கு ஒருமுறை கூடியது. பிள்ளைகளுக்கு எண்ணே பெயர்; நான்காவது பிள்ளைக்கு வைக்க அவர்களிடம் சொல் இல்லை. அந்தப் பிள்ளையே என் கதாநாயகன் ஆனான்.

பர்வீனின் நாவலில் மழை தரையிலிருந்து மேலே பெய்யும். அவ்வளவுதான் அதிசயம். மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே போனவை. ஒரு நாள் விடிகாலையில் எங்கள் மண்டிக்கு வந்து நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்ததைப் பார்த்தார். தன் கதை ஊரில் அதைக் காலில் கட்டிவிட்டார். உருளைக்கிழங்கை எல்லாம் உத்தரத்தில் தொங்கவிட்டார்.

இருபத்திரண்டு அத்தியாயம் எழுதியிருக்கிறார். ஒன்று பாக்கி, கதையின் கிழவி சாகும் அத்தியாயம். போன வாரம் பதிப்பாளரைப் பார்த்தேன். கடைசியை வேறு யாரிடமாவது எழுதி வாங்கிவிடலாம், கிழவி சாகிறாள், புதைக்கிறார்கள், கதை முடிந்தது என்றார்.

"புதைப்பாங்களாங்க? கீழ இருந்து மழை பெய்யற ஊர்லயா? புதைச்ச ஒடம்பை மழை மேல கொண்டாந்துராதுங்களா?" என்றேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார்.

பர்வீன் அந்த இடத்தில்தான் ஏழு மாதம் நின்றார். குறிப்பேட்டில் நாற்பது பக்கத்துக்கு வழி தேடியிருக்கிறார். எதுவும் அவருக்கே ஒப்பவில்லை. ஒப்பாததை எழுதவில்லை. அந்தப் பிடிவாதம்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அவர் கண்டுபிடிக்காத முடிவை இன்னொருவர் ஒட்டவைக்க நான் விடப்போவதில்லை.

இரண்டு மணி நேரம் பேசி, அக்பரின் சம்மதத்தோடு முடிவானது இது: ஐந்நூறு பிரதி. விலை முந்நூறு ரூபாய். இருநூறு பிரதியை நான் முன்பணம் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். குறிப்பேட்டின் நாற்பது பக்கமும் பின்னிணைப்பாக அப்படியே வரும். இருபத்திரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு வரிகூட யாரும் சேர்க்கக் கூடாது.