முந்திரி போடாத நெய்ச்சோறு

கொச்சியில், கொச்சங்காடித் தெருவில், என் தோழியின் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதில் ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டிய திராட்சை இல்லை அது. ஒவ்வொன்றிலும் கேக் துகள் ஒட்டியிருந்தது, சில நசுங்கிப் போயிருந்தன, பக்கத்தில் ஒரு ஊக்கு திறந்தபடி கிடந்தது. கை கழுவப் போனவள் ஒரு கணம் நின்று பார்த்தேன். இதை யார், எதற்காக இப்படிக் குத்திக் குத்தி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கேட்டிருக்கலாம். ஆனால் பசி காதை அடைத்தது, கூடத்திலிருந்து நெய்யும் ஏலக்காயும் கலந்த வாசனை வேறு இழுத்தது. அன்று எனக்குப் பிறந்தநாள். கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. பல்லி, பேய், இருட்டு இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, சாப்பாட்டுக்குத்தான் பயப்படுவேன். முந்திரிப் பருப்பு எனக்கு ஆகாது. ஆகாது என்றால் வயிற்று வலி, வாந்தி என்ற கணக்கில் இல்லை. சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு வாய் கேசரி தின்றுவிட்டு மூச்சு அடைத்து, என்னைத் தூக்கிக்கொண்டு அப்பா ஓடியதை எங்கள் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். நம் ஊரில் விசேஷம் என்றாலே முந்திரிதான். பாயசம், பொங்கல், பர்ஃபி, குருமா என்று எதைத் தொட்டாலும் உள்ளே ஒளிந்திருக்கும். அதனால் மற்ற பிள்ளைகள் பந்திக்கு முந்தும்போது நான் அம்மா கட்டிக் கொடுத்த தயிர்சாத டப்பாவோடு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். "அத்தனை பயமா உனக்கு?" என்று கேலி செய்வார்கள். மூச்சு நின்று பார்த்தவளுக்குத்தானே தெரியும்.

கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் கொச்சிக்காரி. தமிழ் ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எங்களோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்த இன்னொருத்தி ஈரோட்டுக்காரி. கடைசி வருஷ டிசம்பர் விடுமுறையில் என் பிறந்தநாளைக் கொச்சியில் கொண்டாடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்னைக் கேட்கவே இல்லை. பொள்ளாச்சியில் இருந்த அம்மாவுக்குச் செய்தி போனதும் அடுத்த நிமிஷம் தோழியின் அம்மாவோடு பேச வேண்டும் என்றாள். இரண்டு அம்மாக்களையும் கான்ஃபரன்ஸில் இணைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டோம். "வேற என்ன வேணும்னாலும் குடுங்க்கா. முந்திரி மட்டும் அவ கண்ணுல காட்டிறாதீங்க. உசுருக்கே ஆபத்து" என்று அம்மா சொன்னாள். கொச்சியிலிருந்து நிதானமான குரல் வந்தது. "பேடிக்காதே தங்கச்சி. முந்திரி ஒரு மணிகூட இந்த வீட்டுச் சோத்துல விழாது. அவளும் எனக்கு மோள்தான்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் வெகு காலத்துக்குப் பிறகு பயம் கொஞ்சம் விலகப் பெட்டியை அடுக்கினேன்.

வைட்டிலாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எங்கள் ஸ்வெட்டர்கள் நகைப்புக்கு இடமாகிவிட்டன. டிசம்பர் என்று மூட்டை கட்டி வந்தால் கொச்சி வியர்த்துக்கொண்டிருந்தது. வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. தோழி தன் அம்மாவை உம்மா என்று அழைத்தாள். ஒரே நாளில் எங்களுக்கும் அவர் உம்மா ஆகிவிட்டார். "கேறி வாங்க, சாயா ஆறிப் போகுது" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனவர், என் முகத்தை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துச் சற்று நேரம் பார்த்தார். மறுநாள் காலை, என் பிறந்தநாளன்று, மூவரும் படகேறி வைப்பின் தீவுக்குப் போய்ச் சுற்றிவிட்டு மதியத்துக்குத் திரும்பினோம். வழியெல்லாம் ஈரோட்டுக்காரி எதையாவது வாங்கி வாயில் போட்டுக்கொண்டே வந்தாள். நான் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. உம்மா சமைப்பதைத்தான் சாப்பிடுவேன் என்று வைராக்கியமாக இருந்தேன்.

நெய்ச்சோற்றின் மேல் வறுத்த வெங்காயம் மட்டும் கிடந்தது. அருகே வெள்ளையாக, கெட்டியாகக் கோழிக் குருமா. நடுவில் இன்னும் வெட்டாத கேக், மேலெல்லாம் பொத்தல் பொத்தலாக. பழக்கதோஷத்தில் கேட்டேன். "உம்மா, முந்திரி?" அவர் தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். "ஒண்ணுகூட இல்ல மோளே. நானே பொறுக்கி எடுத்தேன்." பொறுக்கி எடுத்தேன் என்ற சொல் எனக்குள் எங்கேயோ லேசாக இடறியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி கேட்க மனம் வரவில்லை. சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான குருமாவை நான் அதுவரை சாப்பிட்டதில்லை.

நாலைந்து வாய்தான் உள்ளே போயிருக்கும். முதலில் நாக்கு அரித்தது. பிறகு உதடு. இல்லை, இருக்காது, உம்மா சத்தியம் செய்தாரே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தேன். கழுத்தில் தடிப்புகள் எழும்பின. எப்போதும் பையில் வைத்திருக்கும் ஒவ்வாமை மாத்திரையை எடுத்து விழுங்கப் பார்த்தேன், அது தொண்டையைத் தாண்டிப் போவதற்கே இடமில்லை. "எனக்கு" என்று தொடங்கினேன்; குரல் என்னுடையதாக இல்லை. ஈரோட்டுக்காரிக்குக் கை கால் ஓடவில்லை. தோழி தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். உம்மா எச்சில் கையோடு என்னை அணைத்துத் தூக்கினார்.

விடுமுறைக் கூட்டம் மட்டாஞ்சேரித் தெருக்களை அடைத்துக்கொண்டிருந்தது. படம் எடுப்பவர்கள், ஐஸ்கிரீம் தின்பவர்கள், நடுவில் சரக்கு இறக்கும் லாரி. ஆட்டோ ஓட்டிய சேட்டன் தலையை வெளியே நீட்டி "மாறிக்கோ, மாறிக்கோ" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். நான் உம்மாவின் மடியில் கிடந்தேன். ஒவ்வொரு மூச்சையும் இழுத்து வாங்க வேண்டியிருந்தது. செத்துப்போவோம் என்று நினைக்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறோம் என்று நிச்சயமாகத் தெரிந்தது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல அம்மா மதியம் கூப்பிடுவாள், போனை யார் எடுப்பார்கள் என்ற ஒரே நினைவுதான் திரும்பத் திரும்ப வந்தது. உம்மா என் நெஞ்சில் கை வைத்துத் துவா ஓதிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைப் பார்த்த மாத்திரத்தில் ஊசியைத் தயார் செய்யச் சொல்லிவிட்டார். என்ன சாப்பிட்டாள் என்று மலையாளத்தில் கேட்டார். "முந்திரி கொடுத்திட்டில்ல டாக்டரே, சத்தியமாயிட்டு, ஒண்ணு போலும் கொடுத்திட்டில்ல" என்று, ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்று, உம்மா அழுதார். சம்பந்தமில்லாத எதையோ கேட்டதுபோல் டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு வரிசையாகக் கேட்டார். செம்மீன்? முட்டை? நிலக்கடலை? அண்டிப்பரிப்பு? கடைசிச் சொல்லுக்கு உம்மா தலையாட்டினார். "அண்டிப்பரிப்பு தாராளம் உண்டு, குருமாவில் அரச்சு சேர்த்து." தொடையில் ஊசி இறங்கியது. ஈரோட்டுக்காரி "அப்படின்னா என்னடி?" என்று கேட்டாள். தோழி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "முந்திரிடி. நம்ம முந்திரி. இங்க முந்திரின்னா திராட்சை."

அந்த வீட்டில் தமிழ் பேசினார்கள்தான். ஆனால் உம்மா படித்தது, கடைக்குப் போனது, பக்கத்து வீட்டோடு சமையல் குறிப்பு பேசியது எல்லாம் மலையாளத்தில். அவருக்கு முந்திரி என்றால் திராட்சை, என் அம்மாவுக்குப் பருப்பு. விடுதியில் எங்களோடு பேசிப் பேசித் தோழிக்கு எங்கள் முந்திரிதான் வாயில் வந்தது. உம்மாவின் முந்திரி வேறு என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. பேக்கரி கேக்கிலிருந்து ஊக்கால் ஒவ்வொரு திராட்சையாகக் குத்தி எடுத்திருக்கிறார் உம்மா. நெய்ச்சோற்றில் திராட்சை இல்லாமல் பருப்பை மட்டும் தூவினால் பிறந்தநாள் பிள்ளைக்குப் பார்க்க நன்றாக இருக்காது என்று, தூவ வைத்திருந்த பருப்பையும் சேர்த்து அரைத்துக் குருமாவில் விட்டிருக்கிறார். மறுநாள் அம்மா வந்து சேர்ந்தபோது, "முந்திரின்னு படிச்சுப் படிச்சு சொன்னனேங்க்கா" என்றாள். "நீ சொன்னதைத்தானே தங்கச்சி கேட்டேன்" என்றார் உம்மா. இரண்டு பேரும் சொன்னது உண்மை.

நான் பிழைத்துக்கொண்டேன். வேலை, கல்யாணம் என்று வருஷங்கள் ஓடின. ஒவ்வொரு டிசம்பரிலும் என் பிறந்தநாளுக்கு உம்மா கூப்பிடுவார். வாழ்த்துக்கு முன்னால், "இன்னிக்கு என்ன சாப்பிட்டே?" என்றுதான் கேட்பார். "ஒரு வாட்டி வா" என்பார். லீவு இல்லை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்வேன். கோபம் துளியும் கிடையாது. பயம். அந்த வீட்டை நினைத்தாலே நாக்கு அரிக்கத் தொடங்கிவிடும். அது அவருக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன், ஒரு முறைகூட வற்புறுத்தியதில்லை. இந்த டிசம்பரில் தோழி கூப்பிட்டாள். "உம்மா இப்ப வெளி ஆள் யாருக்கும் கையால சோறு போடறதில்லைடி. பெருநாளைக்குக்கூட பக்கத்து வீட்டுக்குக் கடையில வாங்கித்தான் குடுக்கறாங்க. பேரனுக்கு ஊட்டச் சொன்னா எந்திரிச்சுப் போயிடறாங்க. நீ வந்து ஒரு வாய் சாப்பிட்டாத்தான் சரியாகும். நான் இதைக் கேக்கக்கூடாது. ஆனா கேக்கறேன்." எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நான் என்ன மருந்தாடி?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். ராத்திரியெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஈரோட்டுக்காரியைக் கூப்பிட்டு, கிளம்பலாமா என்று கேட்டேன்.

கைப்பையில் ஊசி மருந்து இருந்தது, போட்டுக்கொள்ளவும் இப்போது எனக்குத் தெரியும். இருந்தும் கொச்சங்காடிச் சந்துக்குள் நுழையும்போது கால் பின்னால் இழுத்தது; ஈரோட்டுக்காரிதான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். உம்மா மெலிந்து போயிருந்தார். மேஜையில் கஞ்சி, சிறுபயறு, சுட்ட பப்படம். வேறு எதுவும் இல்லை. நான் உட்கார்ந்ததும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லத் தொடங்கினார். "அரிசி, தண்ணி, உப்பு. பயறுல தேங்காயும் சின்ன உள்ளியும். அண்டிப்பருப்பு இல்ல, அதான் உங்க முந்திரி. எங்க முந்திரியும் இல்ல, அது திராட்சை. அதுல எதுவும் இந்த வீட்டுக்குள்ள ஏறி வருஷம் எத்தனையோ ஆச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நீ சாப்பிடலைன்னாலும் எனக்குச் சங்கடம் இல்ல மோளே. எனக்கும் பேடியாத்தான் இருக்கு."

"நீங்க ஊட்டி விடுங்க உம்மா" என்றேன். அவர் ஒரு கரண்டி கஞ்சியை எடுத்தார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. "முடியல மோளே" என்றார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். கஞ்சி கொஞ்சம் சிந்தியது. மிச்சம் இருந்ததை விழுங்கினேன். உம்மா என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தோழி, எதற்கும் இருக்கட்டும் என்று வாசலில் நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கில் ஏதோ அரித்தது. அது பயம்தான் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் உள்ளங்கை வியர்த்தது. ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல இன்னும் நேரம் ஆகவில்லை. அதுவரை காத்திருந்தால் நான் எழுந்து ஓடிவிடுவேன், அவரும் கரண்டியை வைத்துவிடுவார்.

"இன்னும் ஒரு வாய், உம்மா" என்றேன்.